மூன்று கைமுட்டி வலப்புறம்

விருந்தினர் குறிப்பேட்டை
இந்த முறையும் நானேதான் எழுதுகிறேன்.
பெயர் ஹொசுமி குராதா. கடலோர ஓட்டல், பதினான்கு மாடி.
ஹலால் உணவுக் கண்காட்சிக் கூடத்துக்கு நடந்து ஒன்பது நிமிடம்,
எதிர்காற்றென்றால் பன்னிரண்டு.

டோக்கியோ நிலையத்தில்
சிவப்புத் தடத்தைத் தேடுங்கள்.
பலகை 'இதோ' என்று அம்பு காட்டும். நம்பவேண்டாம்.
நகரும் நடைபாதை, படி, மறுபடி நடைபாதை.
ஊரே முடிந்துவிட்டதோ என்று தோன்றும் இடத்தில்
ரயில் நிற்கும்.
மாதிரிப் பெட்டிகளோடு வருபவர்கள்
இருபது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நவம்பரில் எங்கள் பகல் கஞ்சன்.
லுஹர் பதினொன்றரைக்கே வந்துவிடும்,
அஸர் இரண்டேகாலுக்கு,
மஃரிப் நாலரைக்கு.
கடை கட்டுவதோ ஐந்துக்கு.
நாலரைச் சந்திப்புக்கு யாராவது அழைத்தால்
நாலேமுக்கால் என்று சொல்லிவிடுங்கள்.
காரணம் கேட்க மாட்டார்கள்.
இங்கே அது மரியாதையில்லை.

கழிவறையில் தண்ணீர் உண்டா என்று கேட்டு
முப்பத்தொரு கடிதம் வந்தது.
உண்டு. வெந்நீர். அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.
தெரியாத பொத்தானை மட்டும்
எழுந்து நின்று அழுத்தாதீர்கள்.

சோற்றுருண்டை வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்புங்கள்.
இடப்பக்கம் மூன்று சொட்டு நீர், வலப்பக்கம் ஒரு ஜாடி:
அந்த எழுத்து மது.
இன்னொன்றின் இடப்பக்கம் நிலா போலிருக்கும்.
நிலா இல்லை, இறைச்சி.
பக்கத்தில் கால் பரப்பி ஓடுவது பன்றி.
இரண்டும் இல்லாவிட்டாலும்
சோயா சாறு சும்மா இருக்காது.
சந்தேகமென்றால் படம் அனுப்புங்கள்,
இரவு பதினொன்று வரை விழித்திருப்பேன்.

திசைகாட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள்.
அடியில் இரும்புச் சட்டம்,
முள் அதற்குத்தான் தலையாட்டும்.
தெளிந்த காலையில் வளைகுடாவுக்கு அப்பால் ஃபூஜி தெரியும்.
கையை நீட்டி, விரல்களை மடக்கி அளந்துகொள்ளுங்கள்.
மலையிலிருந்து மூன்று கைமுட்டி வலப்புறம்,
கொஞ்சம் கூட.
அங்கேதான் கிப்லா.
கிழக்குப் பக்க அறைக்காரர்கள்
தாழ்வாரக் கோடி ஜன்னலுக்கு வாருங்கள்.

குறிப்பேடு இத்தோடு சரி.
மிச்சம் அச்சுக்குப் போகாது.

போன ஆண்டு, காம்பியாவிலிருந்து
ஜைனபா சாவானே வந்திருந்தார்.
நாற்பது கிலோ புகையிட்ட மீன்பொடி, ஒரே ஒரு குடை.
முதல் நாள் மழை. மலையும் இல்லை, வளைகுடாவும் இல்லை.
கூடத்தில் எந்தக் காலத்திலும் ஜன்னல் இல்லை.
நாலு இருபத்தெட்டுக்கு அவர் கடைக்கு ஓடினேன்,
நேரம் சொல்ல.
ஒரு கொரியருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தவர்
பாதி எண்ணில் நிறுத்திவிட்டு எழுந்தார்.

தொழுகையறை என்று பலகை மாட்டிய
நாற்காலிக் கிடங்கின் வாசலில் அவரை விட்டுவிட்டு
பின்கதவைத் தள்ளினேன்.
மழை விட்டிருந்தது.
சரக்கு லாரிகளின் கூரையில் இருந்த ஈர வெளிச்சம்
ஒவ்வொரு லாரியாக இறங்கிப் போனது.
பதினோரு வருடமாக அந்த நிமிடத்தை
அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.
பார்த்ததில்லை.

கொரியர் அதே நாற்காலியில் காத்திருந்தார்.
விலை படியவில்லை, அது வேறு.

அவர் போனபிறகு 1407இன் இழுப்பறையில் ஒரு சீட்டு:
'அம்பு இரண்டு விரல் இடப்பக்கம் பிசகியிருக்கிறது.
குற்றம் உங்களுடையது இல்லை, கட்டிலுடையது.
குளிர்பெட்டியில் மீன்பொடி. சோற்றில் போடுங்கள்.'

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல்.
இருநூற்றுப் பதினாறு அம்புகளையும் உரித்தேன்.
ஜன்னல் ஜன்னலாகக் கையை நீட்டி
ஒன்று, இரண்டு, மூன்று என்று அளந்துகொண்டிருக்கையில்
படுக்கை விரிப்போடு வந்த பையன்
வாசலிலேயே நின்றுவிட்டான்.
"குராதாம்மா,
மலையோடு என்ன தகராறு?"